தூக்கிக் காட்டிய பாட்டில்

ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கிய அட்டையில் மட்டும்தான் இருந்தது. அதையும் யாரும் படித்ததில்லை. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிற அம்மா வரை எல்லோருக்கும் அவர் சொட்டுதான். ஆபரேஷன் தியேட்டரில் எடுக்கிற சதைத் துணுக்கு, ரத்தம், நீர் எதுவானாலும் வாங்கிக்கொண்டு போய் லேபில் சேர்ப்பது அவர் வேலை. சேர்ந்த நாள் முதல் ஒரு சொட்டுகூடச் சிந்தியதில்லை என்பதால் வந்த பெயர் அது. பின்னால் தலையில் முடி கொட்டியதும் குறும்புக்காரர்கள் அந்தப் பெயரைச் 'சொட்டை' என்று திரித்துக் கூப்பிட்டார்கள். அதற்கும் மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. "முடி சிந்தலாம்பா, பாட்டில்தான் சிந்தக் கூடாது" என்பார்.

லிஃப்டை அவர் நம்ப மாட்டார். நடுவில் நின்றுபோனால் பாட்டிலில் இருப்பது கெட்டுவிடும் என்று படிக்கட்டில்தான் இறங்குவார். ஒரு கை கைப்பிடியில், மறு கை பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி. எதிரே வருகிறவர்கள் கைக்குழந்தைக்கு வழிவிடுவது போல ஒதுங்கிக்கொள்வார்கள்.

இந்த வேலையில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது. தியேட்டர் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. வயிற்றுக்குள் கேமராவை விட்டுப் பார்க்கிற நாட்களில், பாட்டிலுக்காகக் காத்து நிற்கும் நேரத்தில், அந்தக் கண்ணாடி வழியே உள்ளே இருக்கிற திரை தெரியும். இத்தனை வருடம் பார்த்தும் அவருக்கு வாய் மூடியதில்லை. பளபளவென்று கல்லீரல். இளஞ்சிவப்பாகச் சுருண்டு, யார் சொல்லியும் நிறுத்தாமல் தன் பாட்டுக்கு அசைந்துகொண்டிருக்கும் குடல். அதன் மேல் முந்தானை மாதிரி தொங்குகிற மஞ்சள் கொழுப்புத் திரை. உள்ளே எங்கே புண் வந்தாலும் அந்தத் திரை தானாக நகர்ந்து போய் அதைப் போர்த்திக்கொள்ளும் என்று சர்ஜன் ஒருநாள் சொன்னார்.

"அதுக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார் சொட்டு.

சர்ஜன் கையுறையைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். "நல்ல கேள்விதான் போங்க" என்று மட்டும் சொன்னார்.

எல்லாவற்றின் மேலும் கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஒரு ஜவ்வு படர்ந்திருக்கிறது, அதை முழுக்க விரித்தால் ஒரு ஆளையே போர்த்தலாம் என்றும் அவர் சொல்லியிருந்தார். அன்றைக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்த சொட்டு, தன் தொப்பையை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். இவ்வளவு பெரிய சமாச்சாரத்தையா இத்தனை நாளும் பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது.

இரைப்பையில் புற்றுநோய் என்று வருகிறவர்கள் பலருக்கு, பெரிய ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு கழுவல் நடக்கும். சின்னத் துளை வழியாக உப்புநீரை வயிற்றுக்குள் ஊற்றி, மேசையை அப்படியும் இப்படியும் சாய்த்து, அந்த நீரைத் திரும்ப உறிஞ்சி எடுப்பார்கள். நோய் இரைப்பையை விட்டு உதிர்ந்து வயிற்றுக்குள் பரவ ஆரம்பித்திருக்கிறதா என்று லேபில் அந்த நீரைச் சோதிப்பார்கள். சொட்டுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியை அவராகவே நிரப்பிக்கொண்டார். கலங்கி வந்தால் கெட்டது, தெளிந்து வந்தால் நல்லது. யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. ஆனால் குழாயைத் திறந்ததும் நாம் எல்லோரும் போடுகிற கணக்கு அதுதானே?

அதிலிருந்து வந்ததுதான் அவருடைய பழக்கம். தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் சொந்தக்காரர்கள் முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் படிக்கட்டுக்குப் போக வேண்டும். பாட்டிலில் நீர் தெளிவாக இருந்தால் சொட்டு ஒரு கணம் நிற்பார். ஒன்றும் பேச மாட்டார், பேசக் கூடாது என்பது சட்டம். பாட்டிலை மட்டும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே லேசாகத் தூக்கிக் காட்டுவார். பார்க்கிறவர்கள் முகத்தில் ரத்தம் திரும்பும். ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொள்வார்கள். அதைப் பார்த்துவிட்டுப் படி இறங்கும்போது சொட்டுக்கு உச்சி குளிர்ந்திருக்கும். தான் சும்மா பாட்டில் தூக்குகிறவன் இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரே தங்கை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வேலை. நாற்பது வயதைத் தொடவில்லை, குரல் மட்டும் நாலு தெரு தாண்டிக் கேட்கும். "கண்ணாடியப் பாரு! உன் மூஞ்சிய இல்ல, பின்னாடி வர்ற லாரியப் பாரு!" என்று அவள் கத்துகிற கத்தலில் லாரிக்காரனே நின்றுவிடுவான். அப்படிப்பட்டவள் சில மாதங்களாக இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளினாள். வாயு என்றாள், வேலை டென்ஷன் என்றாள். சீட் பெல்ட் தொளதொளவென்று ஆனபோதுதான் அவள் கணவனுக்கு உறைத்தது. சொட்டு அவளைக் கையோடு தன் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்தார். குழாய் விட்டுப் பார்த்தார்கள், துணுக்கு எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். இரைப்பையில் புற்று.

சர்ஜன் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சர்ஜன் மேசையில் இருந்த பேனாவை உருட்ட ஆரம்பித்ததுமே தங்கை சொன்னாள்: "டாக்டர், சுத்தி வளைக்காதீங்க. நேரா ஓட்டுங்க."

"சரி" என்றார் சர்ஜன். "சில பேருக்கு இது ஒரே எடத்துல உருண்டையா இருக்கும். உங்களுக்கு அப்படி இல்ல. சிதறிச் சிதறி, இரைப்பையோட சுவருக்குள்ளேயே ஊறியிருக்கு. அதுவும் ஒரு பக்கமா இல்ல, சுத்துமுத்தும். இரைப்பைச் சுவர்ல பல அடுக்கு இருக்கு. உள் அடுக்கோட நின்னிருந்தா எனக்கு பயமில்ல. ஆனா இது வெளித்தோல் வரைக்கும் வந்துருச்சோன்னு சந்தேகப்படறேன். அங்க வந்துருச்சுன்னா, உதிர்றது நேரா வயித்துக்குள்ள விழும். பக்கத்துல நெறிகட்டியும் இருக்கு."

"ஸ்கேன்ல வேற எங்கயும் ஒண்ணும் இல்லன்னாங்களே?" என்றான் கணவன்.

"ஸ்கேனுக்குக் கட்டி தெரியும். தூசி தெரியாது. அதனாலதான் கழுவிப் பாக்கணும்ங்கறேன்."

தங்கை தன் கைகளைப் பார்த்தாள். "நான் ஏதாச்சும் தப்பா சாப்பிட்டேனா டாக்டர்? நேரத்துக்குச் சாப்பிட்டதே இல்ல."

"இது ஏன் வந்துச்சுங்கறது ஒரு கேள்வி. வந்தது எங்கெல்லாம் போகும்ங்கறது வேற கேள்வி. நான் இப்ப ரெண்டாவதப் பத்தித்தான் கவலைப்படறேன். அதுக்கு நீங்க சாப்பிட்டது கணக்கில்ல. என்ன ரகம், எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், அதுதான் கணக்கு. இந்தச் சிதறுற ரகத்த, பொம்பளைங்ககிட்டயும் வயசு கம்மியானவங்ககிட்டயும் கொஞ்சம் அதிகமாவே பாக்கறோம். அதுல உங்க தப்பு ஒண்ணுமே இல்ல."

"தூசி இருந்தா?"

"இருந்தா, ஒடனே இரைப்பைய எடுக்கறதுல பிரயோஜனம் இல்ல. முதல்ல மருந்து. அப்புறம் திரும்பக் கழுவிப் பாப்போம். தண்ணி சுத்தமாச்சுன்னா ஆபரேஷனப் பத்தி யோசிக்கலாம். ஆகலேன்னா..." என்று நிறுத்தினார். நேராக ஓட்டச் சொன்னவளும் அந்த இடத்தில் மேலே கேட்கவில்லை.

கழுவலன்று வேறொருவரை அனுப்புகிறேன் என்று தலைமை நர்ஸ் சொல்லிப் பார்த்தாள். சொட்டு ஒப்பவில்லை. "என் தங்கச்சியோடத இன்னொருத்தன் கையில குடுப்பேனா?" என்று நின்றுவிட்டார். ஆனால் வட்டக் கண்ணாடிப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. மற்றவர்கள் வயிற்றை வாய் பிளந்து பார்த்தவருக்கு, தங்கையின் வயிற்றைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றார்.

பாட்டில் வந்தது. நீர் தெளிவாக இருந்தது. அடியில் வைத்தால் எழுத்துப் படிக்கலாம், அவ்வளவு தெளிவு. சொட்டுக்கு உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. பெஞ்சில் இருந்த மாப்பிள்ளை எழுந்து நின்றான். அன்றைக்கு சொட்டு லேசாகத் தூக்கவில்லை, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். சட்டத்தையும் மீறிப் பேசினார்: "கண்ணாடி மாப்ள! கண்ணாடி மாதிரி இருக்கு!" மயக்கம் தெளிந்ததும் தங்கைக்கும் அந்தச் செய்திதான் முதலில் போனது. அவள் மருந்து வாடையோடு சிரித்தாள். சாயங்காலமே பள்ளிக்கு போன் போட்டு, சீக்கிரம் வந்துவிடுவேன், என் வண்டியை எவனுக்கும் கொடுக்காதே என்று மிரட்டியும் விட்டாள்.

மறுநாள் சொட்டு லேபுக்குள் நுழைந்ததே மாப்பிள்ளை வீட்டுக்காரர் நடையில்தான். லேபில் இந்த நீர்களைப் பார்க்கிற டாக்டரம்மா அவரைவிட இருபது வயது இளையவர், அதிகம் பேசாதவர். தங்கை, எந்த விவரமானாலும் அண்ணனிடம் சொல்லலாம் என்று முன்பே சம்மதம் கொடுத்திருந்தாள்.

"மேடம், நம்ம பாட்டில் நல்ல சேதிதான? கண்ணாடி மாதிரி இருந்துச்சே!"

டாக்டரம்மா நாற்காலியோடு திரும்பினார். "கண்ணாடி மாதிரி இருந்தா நல்லதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

சொட்டு விழித்தார். பிறகு பழக்கத்தைச் சொன்னார். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவதை, ஜனங்கள் முகம் மலர்வதை, ஒன்றையும் விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல டாக்டரம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்து அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"இங்க வாங்க" என்றார் டாக்டரம்மா. எழுந்து, மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் இருந்த தன் நாற்காலியையே கொடுத்தார். "இதுல பாருங்க."

சொட்டு குனிந்து பார்த்துவிட்டு அலறினார். "ஐயோ மேடம்! கருப்பா கொத்துக் கொத்தா இருக்கே!"

"அது உங்க கண்ணிமை முடி. கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்க."

தள்ளி வைத்துப் பார்த்தார். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு மெல்ல, ஊதாவும் நீலமுமாக ஒரு உலகம் எழுந்து வந்தது. அந்தத் தெளிந்த நீரை வேகமாகச் சுழற்றி, அடியில் தங்கியதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றியிருந்தார்கள். தட்டையான பெரிய செல்கள் வயிற்று ஜவ்வுக்குச் சொந்தமானவை, அவை நல்லவை என்றார் டாக்டரம்மா. அவற்றுக்கு நடுவே வேறு சில இருந்தன. உருண்டையாக, உள்ளே குமிழ் போல வெளுத்து, கரு ஒரு ஓரமாக நசுங்கி ஒதுங்கி. கல் பதித்த மோதிரம் போலவே இருந்தது ஒவ்வொன்றும். தனித்தனியாக, ஒன்றோடொன்று சேராமல் மிதந்தன.

"என்ன அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டார் சொட்டு. சொன்ன பிறகுதான் எதைச் சொன்னோம் என்று உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கும் முதல் தடவ அப்படித்தான் தோணுச்சு" என்றார் டாக்டரம்மா. "அன்னைக்கு ராத்திரி சாப்பிட முடியல."

சொட்டு மறுபடி குனிந்தார். கண்ணை எடுக்க முடியவில்லை. பயமா, வியப்பா, எது எவ்வளவு என்று அவரால் பிரிக்க முடியவில்லை. இத்தனை வருடமும் கதவுக் கண்ணாடி வழியே பார்த்துப் பிரமித்த அந்தப் பெரிய உலகத்துக்குள் இன்னொரு உலகம் இருந்திருக்கிறது. அதைத்தான் அவர் நெஞ்சோடு அணைத்துப் படி இறக்கிக்கொண்டிருந்தார், ஒரு சொட்டு சிந்தாமல், ஒன்றுமே இல்லை என்று நம்பிக்கொண்டு. கண்ணாடி மாதிரி என்று தலைக்கு மேல் தூக்கிக் காட்டியது இதைத்தான்.

"எல்லாத் தண்ணியும் இப்படித்தானா மேடம்? நான் தூக்கிக் காட்டினதெல்லாம்?"

"எல்லாம் இல்ல. பாதி நெஜமாவே சுத்தமா இருந்திருக்கும். ஆனா எது எதுன்னு உங்க கண்ணுக்கும் தெரியாது, என் கண்ணுக்கும் தெரியாது. இது சொன்னாத்தான் தெரியும்" என்று கருவியைத் தட்டினார்.

அன்றைக்குத் தங்கையிடம் போய் நின்ற நிமிஷத்தைப் பற்றி சொட்டு பிற்பாடு யாரிடமும் பேசியதில்லை. சர்ஜன் வந்து சொல்லும் முன் நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். விட்ட வார்த்தையைத் தான்தானே திரும்ப எடுக்க வேண்டும்! கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னது தப்பும்மா. தூசி இருக்கு. நான் கண்ணால பாத்தேன்" என்றார். மாப்பிள்ளை நாற்காலியில் அப்படியே சரிந்தான். தங்கை போர்வையை நெஞ்சு வரை இழுத்துக்கொண்டு, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"மோதிரம் மாதிரி."

"எனக்கு நீ ஒரு மோதிரம்கூட வாங்கித் தந்ததில்ல, தெரியுமில்ல?" என்றாள். அப்புறம் அழுதாள். அவரும் அழுதார்.

மருந்து ஆரம்பமானது. முடி போனது, வாய் புண்ணானது, குரல் மட்டும் போகவில்லை. ஊசி போடத் தடுமாறிய நர்ஸைப் பார்த்து, "பதறாத, கிளட்ச்ச மெதுவா விடு" என்றாள். நரம்பு ஒரே தடவையில் கிடைத்தது. இவளுக்குள்ளே அந்த மோதிரங்கள் மிதக்கின்றன, இவள் அவற்றோடு உட்கார்ந்து ஜோக்கடிக்கிறாள். கதவுக் கண்ணாடி வழியே சொட்டு எத்தனையோ பார்த்திருக்கிறார், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஆனால் இன்னொரு சங்கடம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சாவி செய்து கொடுக்கிறவர் ஒருவர் இருந்தார். சில வருடங்களுக்கு முன் அவர் மனைவிக்கும் இதே நோய், இதே கழுவல். அவருக்கும் சொட்டு பாட்டிலைத் தூக்கிக் காட்டியிருந்தார். அந்த அம்மா பிழைக்கவில்லை; அதைப் பாட்டிலோடு சேர்த்துப் பார்க்க அப்போது சொட்டுக்குத் தோன்றவில்லை. அதன்பிறகு தினமும் அவரைத் தாண்டித்தான் சொட்டு வேலைக்கு வந்தார், தினமும் கையை உயர்த்தி வணக்கம் வைத்தார். ஒருநாள் அவர் முன்னால் போய் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லி, மன்னிப்பு கேட்டார்.

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நீங்க காட்டின சந்தோஷத்துல அவளும் நானும் விடிய விடியப் பேசிக்கிட்டிருந்தோம். கல்யாணமான புதுசுல பேசின மாதிரி. அதுக்கப்புறம் அப்படி ஒரு நாள் எங்களுக்குக் கெடைக்கவே இல்ல. அத உங்களுக்குக் கடன்பட்டிருக்கேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்." முடிக்காத சாவியை ஒரு ஓரமாகத் தள்ளினார். "ஆனா அடுத்த நாள் டாக்டர் சொன்னப்ப, மாடியில ஏத்தி விட்டுத் தள்ளின மாதிரி இருந்துச்சுங்க. அதையும் சொல்லத்தான வேணும். இனிமே காட்டாதீங்க." சொல்லிவிட்டு சொட்டின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். இரும்புத்தூள் ஒட்டிய அந்தக் கைகளை சொட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய மனசு இந்தச் சின்னப் பெட்டிக்கடைக்குள் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்ததே என்று நினைத்தார்.

இரண்டாவது கழுவல் நாள் வந்தது. இம்முறை சொட்டே தனக்கு வேண்டாம் என்றார். தங்கை விடவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே, "நீதான் எடுத்துட்டுப் போற. சிந்தினே, தொலைச்சுப்புடுவேன்" என்றாள்.

இம்முறை அவர் வட்டக் கண்ணாடி வழியே பார்த்தார். கல்லீரல், குடல், மஞ்சள் முந்தானை. தங்கையின் உள்ளே குடல் தன் பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது, அவள் தூங்கும்போதும் அவளுக்காக வேலை செய்துகொண்டு. சொட்டு கண்ணாடிக்கு இப்புறம் நின்று கைகூப்பினார். பாட்டில் வெளியே வந்ததும், பையில் தயாராக வைத்திருந்த துண்டை எடுத்து அதை முழுக்கச் சுற்றினார். சுற்றும்போது கண்ணை மூடிக்கொண்டார். பெஞ்சிலிருந்து மாப்பிள்ளை ஓடி வந்து கழுத்தை நீட்டினான்.

"மச்சான், எப்படி இருக்கு? ஒரே ஒரு தடவ காட்டுங்க மச்சான்."

"வழிய விடு மாப்ள."

மறுநாள் மத்தியானம் வரை அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலியை இழுத்துப் போட்டார். சொட்டு இமையைத் தள்ளி வைத்துக் குனிந்தார். ஊதா வெளிச்சத்தில் தட்டையான செல்கள் மட்டும், தரையில் ஓடு பதித்த மாதிரி அமைதியாகப் பக்கத்தில் பக்கத்தில். மோதிரம் ஒன்றும் இல்லை. கண்ணாடித் துண்டைத் தள்ளித் தள்ளி அவர் தேடினார். இல்லை.

"நான் ரெண்டு தடவ தேடிட்டேன். இன்னொருத்தரையும் பாக்கச் சொன்னேன்" என்றார் டாக்டரம்மா. "எங்க கண்ணுக்கு எட்டின வரைக்கும் இல்ல. எட்டாதது இருக்கலாம், அது எனக்குத் தெரியாது. சர்ஜன் ஆபரேஷனுக்குத் தேதி பாக்கறாரு."

சொட்டு படியேறி வார்டுக்குப் போனார். தங்கை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சர்ஜன் இன்னும் வந்திருக்கவில்லை. மாப்பிள்ளை கட்டில் கால்மாட்டில் நின்று, "உங்க அண்ணன் எனக்குக் காட்டவே மாட்டேன்னுட்டாரு" என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"தண்ணி எப்படி இருந்துச்சு அண்ணா?" என்று கேட்டாள் தங்கை. அந்த நாலு தெரு தாண்டும் குரல் அப்போது கட்டிலைக்கூடத் தாண்டவில்லை.

"நான் தண்ணியப் பாக்கலம்மா" என்றார் சொட்டு. "அவங்க பாத்தாங்க. ரெண்டு பேரு தேடியிருக்காங்க. ஒண்ணும் கெடைக்கலையாம்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். போர்வைக்கு அடியில் அது மேலும் கீழும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.